விளையாட்டொலியும் குடியிருப்பும்: கீரனூரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குடியிருப்புகளுக்கு அருகில் சிறுவர் விளையாட்டுத் திடல் அமைக்கும் முயற்சி எழும்போது, அங்கு எழும் ஒலி அமைதியைக் குலைக்கும் என்னும் எதிர்ப்பும் உடன் எழுவது இன்றைய நகர வாழ்வின் இயல்பாகி வருகிறது. இவ்வெதிர்ப்பு தொன்மையானதா, புதியதா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. சங்க இலக்கியம் முதல் பிள்ளைத்தமிழ் வரையிலான பதிவுகள், நாட்டார் விளையாட்டுகளின் அமைப்பு, 1920 முதல் 2019 வரையிலான திட்டமிடல் சட்டங்கள், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், செருமனி, சப்பான் நாடுகளின் சட்டத் திருத்தங்கள் ஆகியன சான்றுகளாகின்றன. இந்திய ஒலிச் சட்ட வரலாற்றில் குழந்தை ஒலியால் துன்புறுபவராகவே இடம்பெற்றுள்ளது. ஒலி எழுப்புபவராக அதனை நிறுத்தும் முறையீடு, ஆடிடம் தெருவிலிருந்து வேலியிட்ட திடலுக்கு மாறியதன் விளைவு என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: கீரனூர், விளையாட்டுத் திடல், ஒலி மாசு, சிற்றில், சிறுபறை, திறந்தவெளி ஒதுக்கீடு, அண்டை அயல் உறவு.

முன்னுரை

விளையாட்டு பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் விளையாட்டுகளின் பெயர், வகை, ஆடுமுறை ஆகியவற்றைத் தொகுப்பதில் கருத்துச் செலுத்தியுள்ளன. விளையாட்டு நிகழும் இடத்தின் வரலாறும், அவ்விடத்தைச் சூழ்ந்து வாழ்வோரின் செவிக்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவும் போதிய கவனம் பெறவில்லை. ஆடுவோர் மட்டுமன்றி, ஆட்டத்தில் பங்கேற்காமல் அதன் ஒலியைக் கேட்கும் அண்டை வீட்டாரும் விளையாட்டின் வரலாற்றில் இடம்பெற வேண்டியவர்களே.

இவ்வாய்வுக்குப் புதுக்கோட்டை மாவட்டக் கீரனூர் களமாகக் கொள்ளப்படுகிறது. வழக்கு நிகழ்ந்த ஊர் என்னும் பொருளில் அன்று. இத்தகைய வினா எழுவதற்குரிய ஊர் வகையின் எடுத்துக்காட்டு என்னும் பொருளிலேயே அது இங்குக் கொள்ளப்படுகிறது. சிற்றூரின் பொதுவெளி வழக்கும் நகரத்தின் மனைப்பிரிவு வழக்கும் சந்திக்கும் இடம் பேரூராட்சி ஆகும். ஆதலின் ஒரு வழக்கம் மற்றொன்றாக மாறும் நிலையை அங்குத் தெளிவாகக் காணலாம்.

1. கீரனூர்: ஊரமைப்பும் ஆடிடமும்

புதுக்கோட்டைச் சமத்தானம் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என மூன்று வட்டங்களைக் கொண்டிருந்தது. குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம் கீரனூராகும். திருச்சிராப்பள்ளியையும் புதுக்கோட்டையையும் இணைக்கும் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் இவ்வூர் வழியே செல்கின்றன. சமத்தானம் 1948 மார்ச்சு 3-இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. 1974 சனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று.

இப்பகுதி மழையை நம்பிய நிலம். கண்மாய், ஏந்தல், குளம், ஊருணி ஆகியவை ஊர்தோறும் உண்டு. நீர் வற்றிய கோடையில் கண்மாயின் உள்வாய், அறுவடை முடிந்த வயல், களத்துமேடு, மந்தை, கோயில் முன்றில், தெரு ஆகிய ஆறும் சிறுவர்களின் ஆடிடங்களாக விளங்கின. இவற்றுள் எதுவும் விளையாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டதன்று. நெல் காயும் நாளில் களம் ஆடிடமன்று. நெல் அகன்றபின் அதுவே ஆடிடம். வெவ்வேறு பயன்கள் ஒரே நிலத்தில் பொழுதுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறிமாறி நிகழ்ந்தன. ஆகவே விளையாட்டின் ஒலியும் ஓரிடத்தில் நிலைத்து நிற்கவில்லை. ஆண்டு முழுவதும் நாள்தோறும் ஒரே வீட்டின் சுவருக்கு அருகில் ஒலி எழும் நிலை அக்காலத்து ஊரமைப்பில் அரிது. அண்டை வீட்டாரின் பொறுமைக்கு அவர்தம் மனப்பாங்கு மட்டும் காரணமன்று. ஆடிடம் இடம்பெயர்ந்துகொண்டே இருந்த அமைப்பும் காரணமாகும்.

2. இலக்கியம் காட்டும் ஆடிடமும் ஒலியும்

சங்க இலக்கியத்தில் ஓரை, வண்டல், தெற்றி, சிற்றில், சிறுதேர் முதலிய விளையாட்டுகள் பயில்கின்றன. அவற்றின் களம் பெரும்பாலும் வீட்டை ஒட்டியதே. முற்றத்தில் காயும் உணவைக் கவர வரும் கோழியை விரட்ட மகளிர் எறிந்த குழை, சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேரின் வழியைத் தடுக்கும் காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அங்கு முற்றமும் தெருவும் ஆடிடமும் ஒன்றே. கலித்தொகையின் 51-ஆம் பாடலில் தலைவி தான் சிறுமியாக இருந்தபோது தெருவில் மணற்சிற்றில் இழைத்து ஆடியதையும், அதனைக் காலால் சிதைத்துப் பந்தையும் பறித்தோடிய சிறுவனையும் நினைவுகூர்கிறாள். ஆட்டத்தின் களம் தெரு என்பது அப்பாடலில் வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது.

குழந்தையின் ஒலியைப் பேறாகக் கொண்டாடும் மரபைத் திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தில் காணலாம். குழலையும் யாழையும் இனியவை என்போர் மழலை கேளாதவர் என்னும் கருத்தமைந்த 66-ஆம் குறள் பலரும் அறிந்தது. விளையாட்டுத் திடலுக்கு ஆதரவாகப் பேசுவோர் இக்குறளை மேற்கோளாகக் காட்டுதலும் எளிது. ஆயின் அக்குறளில் வரும் ‘தம்மக்கள்’ என்னும் சொல் ஆய்வாளரின் கவனத்துக்குரியது. அங்குப் போற்றப்படுவது தம் மக்களின் சொல். அயலார் மக்களின் ஒலி அன்று. பாண்டியன் அறிவுடை நம்பியின் புறநானூற்று 188-ஆம் பாடலும் குறுகுறு நடந்து உணவைச் சிதைக்கும் தம் குழந்தையையே பேசுகிறது. பெற்றோர்க்கு இன்பமான ஒலி அண்டை வீட்டார்க்கும் இன்பமாகவே இருக்கும் என்பதற்கு இவை சான்றாகமாட்டா. இந்த இடைவெளியிலேயே இன்றைய முறையீடு பிறக்கிறது. எனினும் அதே அதிகாரத்தின் 68-ஆம் குறள், மக்களின் அறிவுடைமை பெற்றோரைவிட உலகத்து உயிர்கட்கெல்லாம் இனிதாகும் என்று குழந்தையைப் பொதுமைக்கு உரியதாக்குகிறது. ‘தம்’ என்பதிலிருந்து ‘எல்லாம்’ என்பதற்குச் செல்லும் இந்நகர்வு பின்னர் எடுத்துக்கொள்ளப்படும்.

புறநானூற்று 243-ஆம் பாடல் மற்றொரு கோணத்தைத் தருகிறது. தொடித்தலை விழுத்தண்டினார் முதுமையில் தண்டூன்றி, இருமலிடையே சில சொற்களே பேசும் நிலையில் இருந்துகொண்டு, மருதமரக் கிளையிலிருந்து மடுவில் குதித்து நீர் தெறிக்க மூழ்கி மணல் எடுத்த இளமையை எண்ணி இரங்குகிறார். இன்றைய முறையீடுகளில் முதியவரும் சிறுவரும் எதிரெதிர்த் தரப்பினராக நிறுத்தப்படுகின்றனர். இப்பாடலில் இருவரும் ஒருவரே. கரையில் நின்றோர் அச்சிறுவனின் துணிவைக் கண்டு வியந்தனர் என்னும் குறிப்பு, கேட்போரும் காண்போரும் ஆட்டத்தின் பகுதியாக இருந்த நிலையை உணர்த்துகிறது.

பிற்காலப் பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் ஒலிக்குத் தனிப் பருவமே வகுத்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களாகச் சிறுபறை, சிற்றில், சிறுதேர் ஆகியன அமைகின்றன. குழந்தையைப் பறை முழக்குமாறு வேண்டுவது சிறுபறைப் பருவம். ஒலி எழுப்புதல் குழந்தை வளர்ச்சியின் ஒரு படிநிலை என இலக்கண அளவிலேயே ஏற்கப்பட்டமைக்கு இது சான்று. அதனை அடுத்த சிற்றிற் பருவமோ, எங்கள் சிற்றிலைச் சிதையாதே எனச் சிறுமியர் வேண்டும் முறையீடாகும். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகமும் இத்தகையதே. ஒருவரின் ஆட்டம் மற்றொருவர்க்கு இடையூறாகும் என்பதைத் தமிழ் மரபு அறியாமலில்லை. அவ்விடையூறு வேண்டுகோளால் தீர்க்கப்பட வேண்டியதாகக் கருதப்பட்டது.

3. ஒலியே விதியான விளையாட்டுகள்

தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து நூலாக்கிய ஞா. தேவநேயப் பாவாணர், அவற்றைப் பகலாட்டு, இரவாட்டு எனப் பொழுதின் அடிப்படையிலும் பிரித்துள்ளார். இப்பகுப்பு ஒலி வரலாற்றுக்கு மிகவும் பயனுடையது. நிலவொளியில் தெருவில் ஆடும் விளையாட்டுகள் தனி வகையாகப் பிரித்தற்குரிய அளவில் வழக்கில் இருந்தன என்பதை அது காட்டுகிறது.

இவ்விளையாட்டுகளுள் பலவற்றில் ஒலி ஆட்டத்தின் உறுப்பாகும். சடுகுடுவில் பாடிச் செல்பவர் ஒரே மூச்சில் ஒலித்துக்கொண்டே சென்று திரும்ப வேண்டும். ஒலி நின்றால் ஆட்டம் இழந்தவராவார். எதிரணியினர் அவ்வொலியைக் கேட்டே அவரது மூச்சின் நிலையை அறிகின்றனர். கண்ணாமூச்சியில் ஒளிந்தவரைத் தேடப் புறப்படுமுன் வினாவும் விடையுமாகப் பாட்டு அமைகிறது. கிட்டிப்புள்ளில் தோற்றவர் பாடியபடி மூச்சுப்பிடித்து ஓடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஆகவே ‘விளையாடுங்கள், ஆனால் சத்தமின்றி விளையாடுங்கள்’ என்னும் கட்டளை இவ்விளையாட்டுகளைப் பொறுத்தவரை நிறைவேற்ற இயலாதது. பல்லாங்குழி, தட்டாங்கல் போன்ற அமர்ந்தாடும் விளையாட்டுகள் மட்டுமே அக்கட்டளையில் எஞ்சும். ஒலிக் கட்டுப்பாடு ஒருவகையில் விளையாட்டுகளைத் தெரிந்தெடுக்கும் கட்டுப்பாடாகவும் ஆகிவிடுகிறது.

4. தெருவிலிருந்து திடலுக்கு

விளையாட்டுக்கெனத் தனியிடம் ஒதுக்கும் கருத்து தொழில்மயமான நகரங்களில் தோன்றியது. அமெரிக்காவின் பாசுடன் நகரில் 1885-இல் சிறுவர்க்கு மணற்குவியல்கள் அமைக்கப்பட்டமை அதன் தொடக்கங்களுள் ஒன்று. 1906-இல் அந்நாட்டில் விளையாட்டுத் திடல்களுக்கான தேசியச் சங்கம் உருவாயிற்று. சென்னை மாகாணத்துக்கு 1914-15-இல் வந்த பாட்ரிக் கெடிசு, நெருக்கமான பழைய குடியிருப்புகளைத் தரைமட்டமாக்கி அகன்ற தெரு இடுவதற்கு மாறாக, இடிந்தும் வெறுமையாகவும் கிடந்த மனைகளைச் சிறு திறந்தவெளிகளாக்குதல் போன்ற மென்மையான சீரமைப்பை வலியுறுத்தினார். 1920-இல் சென்னை நகரத் திட்டமிடல் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் எச்.சி. பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். இடத்தைத் திட்டமிடுதலும் உடலைப் பயிற்றுதலும் ஒரே காலத்தில் நிறுவன வடிவம் பெற்றமை குறிப்பிடத்தக்கது.

விடுதலைக்குப் பின்னர் 1959-இல் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாப்பதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் எனவும், 10,000 சதுர மீட்டருக்குட்பட்டவற்றில் நிலத்துக்கு ஈடாக வழிகாட்டி மதிப்பில் பணம் செலுத்தலாம் எனவும் வகைசெய்கின்றன.

இவ்விதிகள் விளையாட்டிடத்தின் பரப்பை உறுதி செய்கின்றன. அதன் சூழலை உறுதி செய்வதில்லை. மனைகளைப் பிரித்து விற்போர் விலைமதிப்புள்ள முகப்பு மனைகளை விற்பனைக்கு வைத்து, எஞ்சும் மூலையைப் பொதுவுக்கு விடுதல் வணிக இயல்பு. அவ்வாறு எஞ்சிய இடம் மூன்று பக்கமும் வீட்டுச் சுவர்களை ஒட்டி அமையக்கூடும். பல ஆண்டுகள் அது வெற்றிடமாகக் கிடக்க, அதனை அமைதியான வெளி என நம்பி வீடு கட்டியவர், பின்னர் அங்கு ஊஞ்சலும் சறுக்கும் வரும்போது ஏமாற்றம் அடைகிறார். முறையீட்டின் வேர் பெரும்பாலும் இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையிலான காலத்தில் உள்ளது. ஒதுக்கீடு வரைபடத்தில் இருந்தது; ஊராரின் நினைவில் இல்லை.

குடியிருப்போர் எப்போதும் திடலுக்கு எதிரானவர்கள் என்று கருதுதலும் பிழை. பெங்களூரு இராசுமகால் விலாசு விரிவாக்கப் பகுதியில் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு மாற்றியதை எதிர்த்துக் குடியிருப்போரே வழக்குத் தொடுத்தனர். 1991-இல் உச்ச நீதிமன்றம் அம்மாற்றம் செல்லாது என்றது. திறந்தவெளியைக் காக்க அப்பகுதி மக்களுக்கு வழக்காடும் தகுதி உண்டு எனவும் ஏற்றது. திறந்தவெளியைக் காக்கும் குரலும் அதில் எழும் ஒலியை மறுக்கும் குரலும் ஒரே தெருவிலிருந்து எழக்கூடும்.

5. ஒலி வழக்குகளில் குழந்தையின் இடம்

தமிழகத்தில் ஒலி பற்றிய பூசல்கள் புதியனவல்ல. 1882-இல் சேலத்தில் நிகழ்ந்த கலவரத்தின் பின்னணியில் வழிபாட்டிடத்தின் முன் இசையுடன் ஊர்வலம் செல்லும் உரிமை பற்றிய பூசல் இருந்தது. அத்தகைய பூசல்களில் ஒலியின் அளவைவிடத் தெருவின் மீதான உரிமையே முதன்மை பெற்றது. யாருடைய மேளம் எத்தெருவில் ஒலிக்கலாம் என்பதே வினா.

ஒலியை அளவால் ஆராயும் நோக்கு பின்னர் வந்தது. 1981-ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி ஒலியும் மாசுப் பொருளாகச் சேர்க்கப்பட்டது. 2000 பிப்ரவரியில் ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள் வெளிவந்தன. அதே ஆண்டு ஆகத்து 30-இல், சென்னைக் குடியிருப்பு ஒன்றின் நலச்சங்கம் அருகிலிருந்த வழிபாட்டு அமைப்பின் ஒலிபெருக்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபட எச்சமயமும் கூறவில்லை என்னும் கருத்தால் அது நினைவுகூரப்படுகிறது. இக்கட்டுரைக்கு வேண்டுவது அத்தீர்ப்பின் மற்றொரு கூறு: முதியோர், நோயுற்றோர், மாணவர் ஆகியோருடன் கைக்குழந்தைகளும் அமைதியில் உறங்கும் உரிமையுடையோராக அதில் எண்ணப்படுகின்றனர். 2005 சூலை 18-இல் வழங்கப்பட்ட ஒலி மாசுத் தீர்ப்பும், தன் வீட்டில் அமைதியாக வாழ்தல் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. அவ்வழக்கின் தூண்டுகோலும் ஒலிபெருக்கியின் இரைச்சலில் உதவிக்குரல் எவர்க்கும் கேளாமற்போன ஒரு சிறுமியின் துயரமே.

உலக நலவாழ்வு அமைப்பு 1999-இல் வெளியிட்ட சமுதாய ஒலி வழிகாட்டு நெறிகளிலும் இதே நோக்கு உள்ளது. பள்ளி விளையாட்டுத் திடலுக்கு வெளியிலிருந்து வரும் ஒலி, ஆட்ட நேரத்தில் 55 டெசிபலைத் தாண்டலாகாது என அது பரிந்துரைத்தது. விளையாட்டுத் திடல் அங்கு ஒலியிலிருந்து காக்கப்பட வேண்டிய இடமாகும்.

ஆக, ஒலிச் சட்டத்தின் உருவாக்கத்தில் குழந்தை கேட்பவராகவும் துன்புறுபவராகவும் அமைகிறது. திடலுக்கு எதிரான முறையீடு இவ்வுறவைத் தலைகீழாக்குகிறது. ஒலிபெருக்கிக்கு எதிராக உருவான சட்டமொழி, குழந்தையின் குரலுக்கு எதிராகப் பயன்படுத்தப்படுகிறது.

6. டெசிபல் அளவுகோலும் அதன் எல்லையும்

2000-ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியின் ஒலி வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல்; வணிகப் பகுதியில் 65, 55; தொழிற்பகுதியில் 75, 70; அமைதி மண்டலத்தில் 50, 40. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகலாகும். வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ மிகும்போது உரிய அலுவலரிடம் முறையிடலாம். அதாவது குடியிருப்பில் பகல்நேர முறையீட்டுக்குரிய அளவு 65 டெசிபல் ஆகிறது.

இவ்வளவுகோலைத் திடலுக்குப் பொருத்துவதில் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, இவ்வரம்பு ஒரு கால அளவுக்குள் எழும் ஒலியாற்றலின் சராசரி. சிறுவரின் கூச்சலோ திடீரென எழுந்து உடன் அடங்குவது. சராசரி வரம்புக்குள் இருக்கும்போதே ஒரு வீறிடல் உறங்குவோரை எழுப்பிவிடும். அளவு முறையீட்டாளரின் அனுபவத்தை முழுமையாகச் சொல்வதில்லை. அவரது அனுபவம் அளவால் மெய்ப்பிக்கப்படுவதுமில்லை.

இரண்டாவது, அமைதி மண்டலத்தின் முரண். மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைப் போலவே கல்வி நிறுவனத்தைச் சுற்றிய 100 மீட்டரும் அமைதி மண்டலமாகக்கூடும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டும் என்கிறது. நண்பகல் இடைவேளையில் பள்ளித் திடலே அமைதி மண்டலத்தின் மிகுந்த ஒலியிடமாகும். விதிகள் அமைதி மண்டலத்தில் தண்டனைக்குரியனவாகக் குறிப்பிடுபவை இசைத்தல், ஒலிபெருக்குதல், மேளம் அடித்தல், ஊதுகுழல் ஊதுதல், கூட்டம் சேர்க்கும் நிகழ்ச்சி நடத்துதல், வெடி வெடித்தல் போன்றவை. ஆடும் குழந்தையின் இயல்பான குரல் அப்பட்டியலில் இல்லை. விலக்கப்பட்டதாகவும் எங்கும் கூறப்படவில்லை. சட்டம் இவ்விடத்தில் வாய்திறவாமல் நிற்கிறது.

மூன்றாவது, சகிப்பின் சமனின்மை. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் இரவு 10 முதல் 12 மணி வரை ஒலிபெருக்கியை அனுமதிக்க மாநில அரசுக்கு விதி இடமளிக்கிறது. திருவிழாவின் ஒலியை ஊர் தன் ஒலியாக ஏற்கிறது. குழந்தைகளின் ஒலி அத்தகைய பொது ஏற்பைப் பெறவில்லை. அது அவரவர் பெற்றோரின் பொறுப்பாகச் சுருங்கிவிட்டது. ‘தம்மக்கள்’ என்னும் எல்லை இங்கு மீண்டும் தோன்றுகிறது.

7. பிற நாடுகளின் தீர்வுகள்

செருமனியில் குழந்தைகள் காப்பகங்கள், விளையாட்டுத் திடல்கள் ஆகியவற்றின் ஒலிக்கு எதிராக அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்ததன் பின்னணியில், கூட்டாட்சி மாசுத் தடுப்புச் சட்டம் 2011-இல் திருத்தப்பட்டது. காப்பகங்கள், திடல்கள், அவற்றையொத்த இடங்களில் குழந்தைகளால் எழும் ஒலி இயல்பாகத் தீங்கு தரும் சூழல் விளைவாகாது என்றும், அதனை மதிப்பிட ஒலி வரம்புகளைப் பயன்படுத்தலாகாது என்றும் திருத்தம் கூறுகிறது.

சப்பானில் 2007-இல் நிசிதோக்கியோ நகரப் பூங்காவின் நீரூற்றில் ஆடிய சிறுவரின் ஒலி வரம்பை மீறியதாக அருகில் வாழ்ந்தவர் தொடுத்த வழக்கில், நீதிமன்றம் நீரூற்றைப் பயன்படுத்த இடைக்காலத் தடை விதித்தது. தோக்கியோ பெருநகர அரசு 2015-இல் தன் ஆணையைத் திருத்திப் பள்ளி செல்லும் வயதுக்கு முற்பட்ட குழந்தைகளின் ஒலிக்கு எண்வரம்பிலிருந்து விலக்கு அளித்தது. அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ளத்தக்க அளவா என்பதைச் சூழல் நோக்கி முடிவுசெய்தல் அதன் மாற்றுமுறை. ஆயினும் நாகானோ நகரில் 2004-இல் திறக்கப்பட்ட சிறுவர் திடல் ஒன்று ஒலி குறித்த முறையீட்டை அடுத்து 2023-இல் மூடப்பட்டது. சட்டத் திருத்தம் மட்டும் அண்டை உறவைச் சீர்செய்துவிடாது என்பதற்கு இது சான்று. தமிழரும் வாழும் சிங்கப்பூரில், அடுக்குமாடிகளின் திறந்த கீழ்த்தளத்தில் பந்தாட்டத்தைத் தடைசெய்யும் அறிவிப்புகள் நெடுங்காலமாகக் காணப்படுகின்றன.

இரு சட்டங்களும் வயதெல்லை ஒன்றைக் கொள்கின்றன. சிறுவர் விளையாட்டு வேறு, இளைஞரின் போட்டி ஆட்டம் வேறு என்னும் வேறுபாடு அவற்றின் அடிப்படை. கீரனூர் போன்ற ஊர்களில் இவ்வேறுபாடு மிக வேண்டப்படுவது. மாலையில் சிறுவர் ஊஞ்சலாடுவதும், விளக்கொளியில் வர்ணனையுடன் நடக்கும் மட்டைப்பந்துப் போட்டியும் ஒரே திடலில் நிகழலாம். இரண்டாவதன் ஒலிக்காக முதலாவதை இழப்பது நேர்மையன்று.

8. முறையீட்டின் நியாயமும் மறைபொருளும்

முறையிடுவோரைக் குழந்தைகளின் பகைவராகச் சித்திரித்தல் ஆய்வு நேர்மைக்கு ஏற்றதன்று. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோர், படுக்கையில் கிடக்கும் நோயாளர், பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மாணவர் ஆகியோரின் தேவை மெய்யானது. ஒலியின் இயற்பியல் அவர்களுக்கு ஓரளவு துணைநிற்கிறது. திறந்தவெளியில் ஒரு புள்ளியிலிருந்து எழும் ஒலி, தொலைவு இருமடங்காகும்தோறும் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. 5 மீட்டரில் 70 டெசிபலாக இருப்பது 10 மீட்டரில் 64, 20 மீட்டரில் 58, 40 மீட்டரில் 52 என இறங்கும். ஊஞ்சலையும் பந்தாடும் பகுதியையும் சுவரிலிருந்து சில மீட்டர் தள்ளி அமைப்பதே பெருமளவு பயன் தரும் என்பது இதனால் விளங்கும். மேலும் திடலின் ஒலி முழுதும் குழந்தையின் குரலன்று. எண்ணெயிடாத சங்கிலியின் கிறீச்சொலி, தகரத்தில் மோதும் பந்து, ஒலிபெருக்கி ஆகியவை அமைப்போரின் பொறுப்பு. அவற்றை நீக்கியபின் எஞ்சுவதே குழந்தையின் ஒலி.

முறையீட்டின் சொற்களுக்குப் பின்னால் வேறு பொருள் இருத்தலும் கூடும். ‘சத்தம் வரும்’ என்பது சில வேளைகளில் ‘பிற தெருவினர் வருவர்’ என்பதன் நயத்தக்க வடிவமாகும். தமிழகத்து ஊர்களில் தெரு என்பது சாதியின் எல்லையாகவும் இருந்துவந்துள்ளது. நெல் அகன்ற களம் சிறுவர்க்கெல்லாம் பொதுவாக இருந்தது என்னும் இனிய நினைவில், அக்களத்தில் கால்வைக்க இயலாத சிறுவரின் நினைவு அடங்குவதில்லை. அரசமைப்பின் 15-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடுமிடம் ஆகியவற்றைப் பயன்படுத்தச் சாதி முதலியவற்றின் பெயரால் தடை கூடாது என்கிறது. பேரூராட்சியின் திடல், பழைய மந்தையைவிட இவ்வகையில் மேலானது: அது எல்லார்க்கும் உரியது எனச் சட்டப்படி சொல்லத்தக்க முதல் ஆடிடம். ஆகவே திடலுக்கு எதிரான முறையீட்டை ஆராய்வோர், ஒலியின் அளவைக் கேட்பதோடு, எவருடைய ஒலி என்னும் வினாவையும் கேட்டாக வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன. தமிழ் இலக்கியம் குழந்தையின் ஒலியைப் போற்றியது உண்மை. ஆயின் அப்போற்றுதல் பெரும்பாலும் தம் மக்களை எல்லையாகக் கொண்டது. பழைய ஊரமைப்பில் ஆடிடம் இடம்பெயர்ந்துகொண்டிருந்தமையால் ஒலியின் சுமை எந்த ஒரு வீட்டின் மீதும் நிலையாக விழவில்லை. திட்டமிடல் சட்டங்கள் ஆடிடத்தைக் காத்தன. அதே வேளையில் அதனை ஓரிடத்தில் நிலைப்படுத்திச் சுமையையும் நிலைப்படுத்தின. ஒலிபெருக்கியை எண்ணி இயற்றப்பட்ட இந்திய விதிகள் குழந்தையின் குரல் பற்றி எதுவும் கூறவில்லை. பிற நாடுகள் அவ்விடைவெளியைச் சட்டத்தால் நிரப்ப முயன்றுள்ளன.

இந்தியா 1992-இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு விளையாட்டை உரிமையாகக் கூறுகிறது. வீட்டின் அமைதியும் உரிமையே. இரண்டு உரிமைகள் எதிர்ப்படும் இடத்தில் முதலில் செய்யத்தக்கது திடலைக் கைவிடுவதன்று; நேரம், தொலைவு, அமைப்பு ஆகியவற்றை அண்டை வீட்டாருடன் அமர்ந்து வரையறுத்தல் ஆகும். நண்பகல் ஓய்வுக்கு இடைவேளையும், இரவு உறக்கத்துக்கு முன் மூடும் நேரமும் பேரூராட்சி மன்றத்தின் தீர்மானத்தால் அமையக்கூடியவை. சிற்றிற் பருவத்துச் சிறுமியர் செய்ததும் இத்தகைய வேண்டுகோளே.

திடல் கைவிடப்பட்டால் விளையாட்டு நின்றுவிடாது, இடம் மாறும். கீரனூரில் அதற்கு எஞ்சும் இடங்கள் நெடுஞ்சாலையின் ஓரமும் இருப்புப்பாதையின் அருகும் நீர் நிறைந்த குளத்தின் கரையுமாகும். வீட்டருகில் எழும் ஆரவாரம் பெரியோரின் செவிக்கு எட்டும் தொலைவில் குழந்தை இருக்கிறது என்பதன் அடையாளமும் ஆகும். மருதமரத்திலிருந்து மடுவில் குதித்த சிறுவனை வியந்து நோக்கக் கரையில் ஆட்கள் நின்றிருந்தனர். அவ்வாறு நோக்குவோர் இல்லாத இடத்துக்குச் சிறுவரை அனுப்பிப் பெறும் அமைதி எத்தகையது என்பதை ஊர்தான் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.